‘ஃபார்மட் போட்டுடலாமா?’: ஒரு ஜாப் டைப்பிங் கடைக் கணினி

2024 நவம்பர். நாலு நாளாக விடாத மழை. காலை ஒன்பதேகாலுக்கு ஒரு போன். எங்கள் ஊர் தாலுகா அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கும் அக்கா. “தம்பி, சிஸ்டம் ஏதோ ரிப்பேர்னு காட்டுது. அணைச்சுப் போட்டாலும் திரும்ப அதுவேதான். பத்தரைக்குப் பத்திரத்துக்கு ஆள் வர்றாங்க, கொஞ்சம் வந்துட்டுப் போ.”

முந்தின நாள் மாலை கரண்ட் மூன்று தடவை போய் வந்திருக்கிறது. யு.பி.எஸ். இருக்கிறது, ஆனால் அதன் பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது. மேசைக்கு அடியில் கால் வைத்துக்கொள்ள மட்டும் பயன்படுகிறது.

சிஸ்டம் 2014இல் வாங்கிய அசெம்பிள் பெட்டி. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7இல் தொடங்கி விண்டோஸ் 10க்கு வந்தது. அதற்கு முந்தைய கணினியிலிருந்து எடுத்து வந்த கோப்புகளையும் சேர்த்தால், பத்திர எழுத்தர்களுக்காக அக்கா 14 வருஷமாகத் தட்டச்சு செய்த கிரயம், தானம், உயில், மனு எல்லாம் அதில்தான். பேக்கப் என்று எதுவும் கிடையாது. நான் கேட்கவும் இல்லை. நல்ல நாளில் யார் கேட்கிறார்கள்?

நான் போவதற்குள் வேறொரு பையன் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். “ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும், டேட்டா போயிடும், போட்டுடலாமா?” என்று கேட்டானாம். நல்ல வேளை, கேட்டான். கேட்காமலே போடுகிறவர்களும் உண்டு.

இந்த ‘ஃபார்மட்’ என்ற சொல்லில்தான் பாதிச் சிக்கல். விண்டோஸைப் புதிதாக நிறுவுவது ஒரு வேலை, டிஸ்க்கைத் துடைப்பது வேறொரு வேலை. நம் பக்கத்துக் கடைகளில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டோம். அதனால் வாடிக்கையாளரும் டேட்டா போவதுதான் முறை போலிருக்கிறது என்று நம்பிவிடுகிறார். நிறுவலுக்குத் துடைப்பு கட்டாயமே இல்லை. பழைய விண்டோஸ் இருக்கும் டிஸ்க் பகுதியை ஃபார்மட் செய்யாமல் அதன் மேலேயே விண்டோஸை நிறுவினால், பழைய விண்டோஸ், புரோகிராம்கள், பயனர் கோப்புறைகள் எல்லாவற்றையும் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஒரே கோப்புறைக்குள் தள்ளிவிட்டுத்தான் அது வேலையைத் தொடங்கும்.

இன்னொரு நம்பிக்கை ‘டி டிரைவ்’. கணினி வாங்கும்போது கடைக்காரர் டிஸ்க்கை சி, டி என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்து, “முக்கியமானதை டி-யில் போட்டுக்கங்க” என்பார். நல்ல பழக்கம்தான். ஆனால் டிஸ்க் ஒன்றுதானே? அது செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். தவிர, டி-யில் வைத்திருக்கிறேன் என்று சொல்பவர்களின் டெஸ்க்டாப் சி-யில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு டியூஷன் மாஸ்டரின் கணினிக்கு விண்டோஸ் போட்டேன். “எல்லாம் டி-யிலதானே சார்?” “ஆமாப்பா.” சி-யைத் துடைத்தேன். அவர் மூன்று வருஷமாகத் தயாரித்த வினாத்தாள்கள் டெஸ்க்டாப்பில் இருந்தன. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருஷம் ஞாபகம் இருந்திருக்காது.

முதலில் பிரதி

அக்காவின் கடையில் நான் செய்த முதல் காரியம் கணினியை அணைத்ததுதான். விண்டோஸின் தானியங்கிப் பழுதுநீக்கம் ஒவ்வொரு முறை ஓடும்போதும் டிஸ்க்கில் எதையாவது எழுதிப் பார்க்கும். டிஸ்க் சோதிக்கும் நிரலையும் அதுவே ஓட்டக்கூடும். நல்ல டிஸ்க்கில் அது மருந்து. சாகக் கிடக்கும் டிஸ்க்கில், உடைந்த கோப்புகளைத் துண்டு துண்டாக்கி ஒரு கோப்புறையில் குவித்துவிட்டு, சரிசெய்துவிட்டேன் என்று அறிவிக்கும். நம் டிஸ்க் எந்த ரகம் என்று தெரியாத வரைக்கும் அதில் எதையும் எழுதக் கூடாது.

பையில் எப்போதும் இருக்கும் லினக்ஸ் மின்ட் பென்டிரைவைச் சொருகி, டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே கணினியைக் கிளப்பினேன். சி டிரைவைப் ‘படிக்க மட்டும்’ என்ற முறையில் திறந்தேன். கோப்புகள் கண்ணுக்குத் தெரிந்ததும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை நின்றுகொண்டே இருந்திருக்கிறார்.

பத்தரை மணிப் பத்திரத்தின் வரைவை மட்டும் முதலில் இன்னொரு பென்டிரைவில் எடுத்துக் கொடுத்தேன். பக்கத்து டைப்பிங் கடையில் அதைத் திறந்து, இரண்டு இடத்தில் திருத்தி, பிரிண்ட் எடுத்து வேலையை முடித்துவிட்டார். அங்கே ஒரு சிக்கலும் வரவில்லை. பிற்பாடு வந்த குழப்பத்துக்கு விடை அங்கேயே இருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்குகள் தம்மைப் பற்றித் தாமே ஒரு குறிப்பேடு எழுதிக்கொள்கின்றன. கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னச் சேமிப்புக் கட்டங்கள்) எத்தனை, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை எத்தனை என்று அதில் இருக்கும். இதில் மாற்றியவை 8, காத்திருப்பவை 24. 500 ஜிபியில் 24 செக்டார் என்பது வெறும் 12 கிலோபைட். ஆனால் காத்திருப்பவை பூஜ்ஜியமாக இல்லை என்றாலே அந்த டிஸ்க்கில் மறுபடி விண்டோஸ் போடும் பேச்சை நான் எடுப்பதில்லை. இன்று 24, அடுத்த வாரம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் என் கணினியில் மாட்டினேன். சாதாரணமாகக் கோப்புகளை இழுத்துப் போட்டால், கெட்ட இடம் வந்ததும் காப்பி அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். நிற்கும் நேரமெல்லாம் டிஸ்க் அந்த இடத்தைப் போட்டு அரைத்துக்கொண்டிருக்கும். அதனால் டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவியை வைத்து டிஸ்க்கை முழுசாக, அச்சு அசலாக, ஒரு 1 டிபி வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்தேன். அது நல்ல இடங்களை முதலில் வேகமாக எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பிலும் எழுதி வைக்கும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மழையில் அது சின்ன விஷயம் இல்லை.

மதியத்துக்கு மேல் முடிந்தது. கடைசி வரை படிக்க முடியாமல் நின்றது 4,096 பைட். எந்தக் கோப்பின் மேல் விழுந்திருக்கிறது என்று தேடினால், ஒரு பட்டாவின் ஸ்கேன் படம். பாதிக்குக் கீழே சாம்பல் நிறம்.

கணினி ஏன் கிளம்பவில்லை என்பதற்கும் பிரதியில் பதில் கிடைத்தது. கரண்ட் போன நேரத்தில், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடான ரெஜிஸ்ட்ரியின் ஒரு முக்கியக் கோப்பு அரைகுறையாக எழுதப்பட்டிருந்தது. முன்பெல்லாம் விண்டோஸ் இதற்கு ஒரு மாற்றுப் பிரதியை ‘ரெக்பேக்’ என்ற கோப்புறையில் வைத்துக்கொள்ளும். அதை எடுத்துப் போட்டால் பத்து நிமிஷத்தில் கணினி எழுந்துவிடும். விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து மைக்ரோசாப்ட் அதைத் தானாக எடுப்பதை நிறுத்திவிட்டது. கோப்புறை இருக்கும், உள்ளே பூஜ்ஜியம் கிலோபைட். இடம் மிச்சம் பிடிக்கவாம்.

வெள்ளைத்தாள்

பிரதி கையில் இருக்கும்போது பட்டியல் எதற்கு என்று தோன்றலாம். பிரதியில் எல்லாம் இருக்கும். ஆனால் எதையெல்லாம் எடுத்துப் புதிய கணினியில் எங்கே வைக்க வேண்டும் என்பது பிரதிக்குத் தெரியாது. அது உரிமையாளருக்கு மட்டும்தான் தெரியும், தனக்குத் தெரியும் என்று அவருக்கே தெரியாது.

“உங்க ஃபைல் எல்லாம் எங்க இருக்கு?” என்று கேட்டால் “டி-யில” என்பதுதான் பதில். அதனால் அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன். மறுநாள் காலை கடைக்குப் போய் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, “கடையைத் திறந்ததும் முதல்ல எதை கிளிக் பண்ணுவீங்க அக்கா?” என்று தொடங்கினேன்.

டெஸ்க்டாப்பில் ‘இன்று’ என்று ஒரு கோப்புறை. அதில்தான் நடப்பு வேலை. வேலை முடிந்தால் டி-க்குப் போகும். மறந்தால் அங்கேயே கிடக்கும், அப்படிக் கிடந்தவை 600க்கு மேல். வாட்ஸாப்பில் வரும் பட்டா, ஆதார் நகல் எல்லாம் டவுன்லோட்ஸில். சி டிரைவின் மேல்தளத்திலேயே ‘ஸ்கேன்’ என்று ஒன்று, அது ஸ்கேனர் மென்பொருள் தானாக உருவாக்கியது. அக்கா அதைப் பார்த்ததே இல்லையாம்.

டாக்குமென்ட்ஸ் இரண்டு இருந்தன. ஒன்று டி-யில், இன்னொன்று சி-யில். விண்டோஸில் டாக்குமென்ட்ஸ் கோப்புறையின் இருப்பிடத்தை வேறு டிரைவுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது “பழைய கோப்புகளையும் நகர்த்தட்டுமா?” என்று கேட்கும். யாரோ ஒருவர் இருப்பிடத்தை மாற்றிவிட்டு, அந்தக் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறார். யாரோ என்ன, நானாகவே இருக்கலாம். 2014 முதல் 2016 வரையிலான 2,300 வரைவுகள் பழைய இடத்திலேயே கிடந்தன. டாக்குமென்ட்ஸைத் திறந்தால் புதியதுதான் தெரியும். பழையது சி-க்குள் போய்த் தேடினால்தான் கண்ணில் படும்.

அப்புறம் அக்கா வேர்டில் வேலை செய்வதை நேரில் பார்த்த பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. இரண்டு எழுத்து அடித்து ஸ்பேஸ் தட்டுவார், ஒரு பத்தியே வந்து விழும். கிரயப் பத்திரத்தின் தொடக்க வரிகள், செக்குபந்தி, அதாவது சொத்தின் நான்கு எல்லைகளை எழுதும் சட்டகம், வில்லங்கம் ஏதுமில்லை என்ற உறுதிமொழி எல்லாம் இப்படித்தான். “அதெல்லாம் வேர்டுக்குள்ளயே இருக்குப்பா” என்றார். வேர்டுக்குள் இல்லை. எழுத்துருவோடு சேர்த்துச் சேமித்த சுருக்கங்கள் ‘நார்மல்’ என்ற வார்ப்புருக் கோப்பில் இருக்கின்றன. அந்தக் கோப்பு ‘ஆப்டேட்டா’ என்ற மறைந்த கோப்புறைக்குள் நாலு படி கீழே இருக்கிறது. சாதாரணமாகக் காப்பி எடுப்பவர் கண்ணில் ஆப்டேட்டா படவே படாது. ஆனால் அக்காவின் வேகம் முழுவதும் அந்த ஒரே கோப்பில்தான். 14 வருஷத்துப் பத்திரங்கள் போனாலும் நகல் கேட்டு வருபவர் வருஷத்துக்குப் பத்துப் பேர்தான். அந்தக் கோப்பு போனால் அடுத்த நாளே தொழில் பாதியாகும்.

தாளில் கடைசியாகக் குரோம் பாஸ்வேர்டுகள், பிரிண்டர், தமிழ் எழுத்துரு என்று எழுதிக்கொண்டேன். எழுத்துரு என்று எழுதினேனே தவிர, அதற்கு உரிய மரியாதையைக் கொடுக்கவில்லை.

‘என் கோப்புகளை வைத்திரு’

இந்த இடத்தில் ஒருவர் கேட்கலாம்: விண்டோஸிலேயே கணினியைப் புதுப்பிக்க ஒரு பொத்தான் இருக்கிறதே, அதில் ‘என் கோப்புகளை வைத்திரு’ என்று தெளிவாகப் போட்டிருக்கிறதே?

இருக்கிறது, பெரும்பாலும் சொன்னபடி நடக்கவும் செய்கிறது. ஆனால் ‘என் கோப்பு’ என்று விண்டோஸ் எதை நினைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சி டிரைவில் விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ், புரோகிராம் டேட்டா, ஆப்டேட்டா ஆகிய கோப்புறைகளுக்கு வெளியே இருப்பதைத்தான் அது பயனருடையது என்று காப்பாற்றும். அக்காவின் சுருக்கங்கள் ஆப்டேட்டாவில் இருக்கின்றன. எழுத்துருக்கள் விண்டோஸ் கோப்புறையில். பொத்தானை நம்பியிருந்தால் பத்திரங்கள் பத்திரமாக இருந்திருக்கும், அவற்றை எழுதும் கை போயிருக்கும்.

அந்த இரண்டு டாக்குமென்ட்ஸ் விஷயத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. 2018 அக்டோபர் 2 அன்று மைக்ரோசாப்ட் விண்டோஸ் 10இன் 1809 பதிப்பை வெளியிட்டது. தாமாகவே தேடிப்போய் அப்டேட் செய்துகொண்டவர்களில் சிலர், டாக்குமென்ட்ஸில் இருந்த கோப்புகளைக் காணோம் என்று அலறினார்கள். சில நாளிலேயே வெளியீட்டை நிறுத்தினார்கள். அக்டோபர் 9 அன்று ஜான் கேபிள் என்ற விண்டோஸ் அதிகாரி காரணத்தை விளக்கி எழுதினார். படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முந்தைய 1803 பதிப்பில், கோப்புறை இருப்பிடத்தை மாற்றியவர்களுக்குப் பழைய இடத்தில் காலியான ஒரு டாக்குமென்ட்ஸ் கூடுதலாகத் தோன்றியது. “இது எதுக்கு அனாவசியமா?” என்று பயனர்கள் புகார் சொன்னார்கள். சரி, அந்தக் காலிக் கோப்புறையை நீக்கிவிடலாம் என்று 1809இல் நிரல் சேர்த்தார்கள். அப்டேட் நடக்கும் வரிசையில் செய்த இன்னொரு மாற்றத்தோடு சேர்ந்து, அந்த நிரல் பழைய கோப்புறையை உள்ளே இருந்த கோப்புகளோடு சேர்த்தே நீக்கிவிட்டது. யாருக்கு? இருப்பிடத்தை மாற்றிவிட்டுக் கோப்புகளை நகர்த்தாமல் விட்டவர்களுக்கு. அக்காவின் கணினி இருந்த அதே நிலை. பதிவான புகார்கள் பத்தாயிரம் நிறுவல்களுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இருந்தன. ஆனால் அந்த ஒருவருக்கு அது நூறு சதவீதம்தானே.

இதில் எனக்கு மறக்காத பகுதி வேறு. சோதனைப் பதிப்பைப் பயன்படுத்திய சிலர் முன்கூட்டியே இதைப் புகாராகப் பதிந்திருந்தார்கள். அதிகம் பேர் ஓட்டுப் போடாததால் அது மேலே வரவில்லை. ‘இது எவ்வளவு தீவிரம்’ என்று குறிப்பிடும் வசதியைப் பிற்பாடுதான் சேர்த்தார்கள். திருத்திய பதிப்பு நவம்பர் 13 அன்று மறுபடி வெளியானது. அக்காவின் கணினி அதற்கப்புறம்தான் 1809க்குப் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த 2,300 வரைவுகளை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

புது டிஸ்க்கில்

முடிவு எளிதாகிவிட்டது. பழைய டிஸ்க்கில் எதுவும் நிறுவப் போவதில்லை. சுமார் 2,000 ரூபாய்க்கு சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்கான 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி அதில் விண்டோஸ். பணத்தைப் பற்றி அக்கா யோசித்தார், மழைக்காலத்தில் பத்திரப்பதிவு குறைவு. ஆனால் கோப்புகளை இழக்காமல் விண்டோஸ் போட இதைவிடப் பத்திரமான வழி எனக்குத் தெரியாது. கோப்புகள் இருக்கும் டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டால், நான் என்ன தப்பு செய்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நிறுவும் திரையில் எல்லாப் பகுதிகளும் ஒரே மாதிரிதான் தெரியும். தூக்கக் கலக்கத்தில் ஒரு வரி தள்ளி கிளிக் செய்தால் போதும். இன்னொரு டிஸ்க் மாட்டியிருந்தால், கணினியைக் கிளப்பும் கோப்புகளை விண்டோஸ் சில நேரம் அதில் கொண்டுபோய் வைத்துவிடும் தொல்லையும் உண்டு.

விண்டோஸ் 11 போட முடியாது, நான்காம் தலைமுறை ஐ3-ஐ மைக்ரோசாப்ட் ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 வரைதான் ஆதரவு என்பது அப்போதே தெரியும். கடையில் வேர்டும் குரோமும் பிரிண்டரும்தான், லினக்ஸே போதும் என்று மனசில் ஒரு ஓரம் சொல்லியது. ஆனால் அந்த இரண்டு எழுத்துச் சுருக்கங்களை நினைத்துக்கொண்டு விண்டோஸ் 10 பென்டிரைவையே சொருகினேன். இருபது நிமிஷம். மதர்போர்டு மாறாததால் ஆக்டிவேஷன் தானாக வந்துவிட்டது. வேர்டு 2007இன் சி.டி.யையும் அதன் சாவியையும் அக்கா டப்பாவோடு வைத்திருந்தார். இந்த வேலையிலேயே என்னை மிகவும் ஆச்சரியப்படுத்தியது அதுதான்.

பிரதியிலிருந்து கோப்புகளைக் கொண்டுவந்தேன். கோப்புறைக்குக் கோப்புறை எண்ணிக்கையை ஒப்பிட்டேன். பட்டாப் படம் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. நிம்மதியாக டீ சொன்னேன்.

“தம்பி, எல்லாம் இங்கிலீஷா இருக்கு”

டீ வருவதற்குள் அக்கா ஒரு கிரயப் பத்திரத்தைத் திறந்துவிட்டார். திரை முழுக்க ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். இன்னொன்றைத் திறந்தார், அதேதான். “தம்பி, எல்லாம் இங்கிலீஷா இருக்கு. கெட்டுப்போச்சா?” அந்தக் குரலை நான் டியூஷன் மாஸ்டர் வீட்டில் கேட்டிருக்கிறேன்.

கோப்பு தொலைவது வேறு, இருந்தும் தெரியாமல் போவது வேறு. 2020 பிப்ரவரியில் ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சிலருக்கு டெஸ்க்டாப் வெறுமையாகத் தெரிந்தது. தற்காலிகப் பயனர் கணக்கில் விண்டோஸ் அவர்களை உள்ளே விட்டிருந்தது, அவர்களுடைய சொந்தக் கோப்புறை பெயர் மாறி பக்கத்திலேயே இருந்தது. பயந்துபோய் உடனே ஃபார்மட் போட்டவருக்குத்தான் உண்மையான இழப்பு. அக்காவின் திரையில் நடந்ததும் அந்த ரகம்தான்.

அவர் தட்டச்சு செய்வது பாமினி எழுத்துருவில். தட்டச்சுப் பள்ளியில் ய, ள, ன, க என்று பழகிய விரல்களுக்குப் பாமினியின் விசைகள் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் அந்த எழுத்துரு ஒரு தந்திரம் செய்கிறது. கோப்புக்குள் உண்மையில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான். அதன் மேல் தமிழ் உருவத்தை மாட்டிக் காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. ‘தமிழ்’ என்ற சொல் பாமினிக் கோப்பில் ஜே, கே, பி, ஓ என்ற நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக இருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த முகமூடி விழுந்துவிடும். முதல் நாள் காலையில் பக்கத்துக் கடையில் ஏன் சிக்கல் வரவில்லை என்பது இப்போது விளங்குகிறதா? அங்கேயும் பாமினி இருந்தது.

பழைய டிஸ்க்கின் பிரதியில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருந்த எழுத்துருக் கிடங்கைத் திறந்து தமிழ் எழுத்துருக்களை எடுத்துப் போட்டேன். பத்திரங்கள் தமிழாகிவிட்டன. ஆனால் எல்லாமே இல்லை. அக்காவின் மகள் வடிவமைத்த இரண்டு கல்யாணப் பத்திரிகைகள் இன்னமும் ஆங்கிலமாகவே நின்றன. அரைமணி நேரம் தேடிய பிறகுதான் பொறி தட்டியது. முன்பு எழுத்துருக்கள் விண்டோஸ் கோப்புறையில் மட்டும்தான் போய்ச் சேரும். ஒரு பயனருக்கு மட்டும் எழுத்துரு நிறுவும் வசதியை விண்டோஸ் 10இல் ஒரு பதிப்பில் கொண்டுவந்தார்கள், அப்படி நிறுவினால் அது ஆப்டேட்டாவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எந்தப் பதிப்பில்? அதே 1809இல்தான். மகள் நிறுவிய எழுத்துருக்கள் அங்கே இருந்தன.

இதையெல்லாம், தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிடலாமே என்று படிப்பவர்களுக்குத் தோன்றும். தமிழக அரசே 2010இல் யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. அக்காவிடம் நானும் சொன்னேன். “புதுசா அடிக்கிறதை மாத்திக்கலாம். விரல் ஒத்துக்கணுமே” என்றார். பழைய கோப்புகளை மாற்றிகள் வழியாக ஓட்டினால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக வரும். சர்வே எண்ணும் சதுர அடியும் உள்ள ஆவணத்தில் மீதி இரண்டை யார் சரிபார்ப்பது? முடிந்த பத்திரங்களைப் பி.டி.எஃப். ஆக்கி வைக்கச் சொன்னேன். அதில் எழுத்துருவும் உள்ளேயே பொதிந்துவிடும்.

மீதி சில்லறை வேலைகள். ‘நார்மல்’ கோப்பை, வேர்டை மூடிவிட்டு, அதற்குரிய இடத்தில் வைத்தேன். அக்கா இரண்டு எழுத்து அடித்து ஸ்பேஸ் தட்டினார். செக்குபந்திச் சட்டகம் வந்து விழுந்தது. குரோமின் புக்மார்க்குகள் வந்தன, பாஸ்வேர்டுகள் வரவில்லை. அவை பழைய விண்டோஸ் கணக்கின் சாவியால் பூட்டப்பட்டவை, கோப்புறையை மட்டும் தூக்கி வந்தால் திறக்காது. அக்கா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பத்திரப்பதிவு இணையதளம் முதல் மின்கட்டணம் வரை எல்லாப் பாஸ்வேர்டும் பேனாவால் எழுதியிருந்தது. பாதுகாப்பு நிபுணர்கள் மன்னிக்கட்டும், அன்றைக்கு நான் அந்த நோட்டைக் கும்பிட்டேன்.

வெளி டிஸ்க்கை அக்காவிடமே கொடுத்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு முன் காப்பி எடுக்கச் சொன்னேன். பழைய டிஸ்க்கை ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி, ‘சித்திரை வரை தொடாதே’ என்று எழுதி ரப்பர் ஸ்டாம்புகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பட்டியலில் விட்டுப்போனது எதுவாக இருந்தாலும் ஆறு மாதத்துக்குள் ஒருமுறையாவது தேவைப்படும் என்பது என் கணக்கு. இரண்டு தடவை தேவைப்பட்டது. ஒன்று பச்சைத் தாளுக்கான பிரிண்டர் அளவு. இன்னொன்று யாரோ ஒருவருடைய உயிலின் முதல் வரைவு, அது எங்கே இருந்தது தெரியுமா? ரீசைக்கிள் பின்னில்.

2025 சித்திரை பிறந்த மறுவாரம் அக்கா போன் செய்தார். “தம்பி, அந்தப் பழசைச் சும்மா ஃபார்மட் போட்டு பழைய சாமான் கடையில கொடுத்துடலாமா?”

14 வருஷத்து ஆதார் நகல்களும் கையெழுத்துகளும் அதில் இருக்கின்றன. வழக்கமாகப் போடும் விரைவு ஃபார்மட்டில் ஹார்ட் டிஸ்க்கின் உள்ளடக்கப் பட்டியல் மட்டும்தான் போகும், பக்கங்கள் அப்படியே கிடக்கும். யார் வேண்டுமானாலும் இலவசக் கருவியை வைத்துத் தோண்டி எடுக்கலாம். அதைச் சொன்னதும் அக்கா சிரித்தார். “அன்னைக்கு ஃபார்மட் போட்டா எல்லாம் போயிடும்னு சொன்னீங்க. இன்னைக்குப் போட்டாலும் போகாதுங்கிறீங்க.”

அடுத்த நாள் டிஸ்க்கை வாங்கி வந்து, முதல் செக்டார் தொடங்கிக் கடைசி வரை பூஜ்ஜியம் எழுதவிட்டுப் படுத்துவிட்டேன். பாதியில் கரண்ட் போய், விடியற்காலையில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.